படிக்கட்டு கட்டிய பேராசிரியர்

குட்டீஸ், உங்களுக்கு ஒரு கணக்கு. மூன்றையும் நான்கையும் சேர்த்தால் எவ்வளவு? ஏழு என்றுதானே சொல்வீர்கள்? ஐந்து என்று எழுதினால் கணக்கு டீச்சர் சிவப்பு மையால் தவறு போட்டுவிடுவார் அல்லவா?

ஆனால், சில இடங்களில் 3-ம் 4-ம் சேர்ந்தால் 5-தான் வரும். நம்ப முடியவில்லையா? மொட்டை மாடிக்குப் போங்கள். ஓரிடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அங்கிருந்து கிழக்கே 3 அடி அளந்து போங்கள். பிறகு இடப்பக்கம் திரும்பி வடக்கே 4 அடி போங்கள். இப்போது புறப்பட்ட இடத்துக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கயிற்றை நேராகப் பிடித்து அளந்து பாருங்கள். 7 அடி இருக்காது. சரியாக 5 அடிதான் இருக்கும். பிதாகரஸ் தேற்றம் படித்தவர்களுக்கு இந்த ரகசியம் உடனே புரிந்திருக்கும்.

இந்தச் சின்ன விஷயத்தை மின்சாரத்தோடு இணைத்துக் காட்டி, பொறியியல் மாணவர்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்த ஒரு பாடத்தை எளிதாக்கியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். உயரம் சுமார் 4 அடிதான். முதுகு கூன் விழுந்திருக்கும். ஆனால், அமெரிக்காவின் மின்துறையே அவரை அண்ணாந்து பார்த்தது. அவருடைய கதையைத் தெரிந்துகொள்வோமா?

பாட்டி வளர்த்த பிள்ளை

1865-ம் ஆண்டு ஏப்ரல் 9-ம் தேதி பிரெஸ்லாவ் என்ற நகரில் ஸ்டைன்மெட்ஸ் பிறந்தார். அப்போது அந்த ஊர் பிரஷ்யா நாட்டில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. விரோத்ஸ்வாஃப் என்பது அதன் இப்போதைய பெயர். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப்.

பிறக்கும்போதே அவருக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. இடுப்பிலும் குறை இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும்கூட இதே குறைதான். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவின் வருமானத்தில் குடும்பம் நடந்தது. குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போது அம்மா இறந்துபோனார். அதன்பின் பேரனைப் பாட்டிதான் பொத்திப் பொத்தி வளர்த்தார்.

மற்ற சிறுவர்களைப் போல ஓடியாட அவரால் முடியவில்லை. ஆனால், படிப்பில் அவரைப் பிடிக்க யாராலும் முடியவில்லை! 1883-ம் ஆண்டு பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதம், இயற்பியல், வேதியியல் என்று எதையும் விடாமல் படித்தார்.

அங்கே கணித மாணவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஸ்டைன்மெட்ஸுக்குக் கிடைத்த பெயர் புரோட்டியஸ். யார் இந்த புரோட்டியஸ்? கிரேக்கக் கதைகளில் வரும் கடல் கிழவர். சிங்கமாகவும் பாம்பாகவும் தண்ணீராகவும் உருவம் மாற்றிக்கொண்டே இருப்பார். பயப்படாமல் இறுகப் பிடித்துக்கொண்டால் மட்டும் பழைய உருவத்துக்கு வந்து ரகசியங்களைச் சொல்வார். கடினமான கணக்கும் அப்படித்தானே? விடாமல் பிடித்துக்கொண்டால்தான் வழிக்கு வரும்! இந்தப் பட்டப்பெயர் ஸ்டைன்மெட்ஸுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பின்னாளில் தன் பெயரோடு அதைச் சேர்த்தே எழுதினார்.

துறைமுகத்தில் ஒரு தடை

கல்லூரியில் படிக்கும்போது ஏழைத் தொழிலாளர்களின் நிலை அவர் மனதை வருத்தியது. சோஷலிசக் கருத்துகளைப் பேசிய மாணவர் குழுவில் சேர்ந்தார். ஒரு பத்திரிகையை நடத்தவும் உதவினார். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் சோஷலிஸ்ட் இயக்கங்களுக்குத் தடை இருந்தது. போலீஸின் பார்வை அவர்மீது விழுந்தது. எந்த நேரமும் கைது செய்யப்படலாம் என்ற நிலை.

வேறு வழியில்லை. 1888-ம் ஆண்டு ஊரைவிட்டுக் கிளம்பி ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். டாக்டர் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எட்டியது கிட்டவில்லை. அப்பாவையும் பிறந்த ஊரையும் விட்டு வந்த இளைஞர், சூரிச் நகரில் இயந்திரப் பொறியியல் படிக்கத் தொடங்கினார்.

அங்கே அவருக்கு ஆஸ்கர் அஸ்முசென் என்ற நண்பர் கிடைத்தார். அமெரிக்காவுக்குப் போகலாம், கப்பல் கட்டணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் நண்பர். 1889-ம் ஆண்டு ஜூன் மாதம் இருவரும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அங்கே குடியேற்ற அதிகாரிகள் ஸ்டைன்மெட்ஸைத் தடுத்து நிறுத்தினார்கள். குள்ளமான உருவம், வளைந்த முதுகு, பையில் பணம் இல்லை, ஆங்கிலமும் தெரியவில்லை. இவர் எப்படிப் பிழைப்பார், நாட்டுக்குப் பாரமாகிவிடுவாரோ என்று யோசித்தார்கள். வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிட நினைத்தார்கள்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திரும்பிப் போனால் சிறை. உள்ளே போகவோ அனுமதி இல்லை. தலைக்குள் எவ்வளவு கணிதம் இருக்கிறது என்பதை யார் பார்த்தார்கள்? முதுகை மட்டும்தானே பார்த்தார்கள்!

அப்போது அஸ்முசென் முன்னால் வந்தார். இவர் நல்ல அறிவாளி, இவருடைய செலவுக்கு நான் பொறுப்பு என்று உறுதி கொடுத்தார். கதவு திறந்தது. ஒரு நண்பர் சொன்ன நாலு வார்த்தையால் மின்துறைக்கு ஒரு மேதை கிடைத்தார்.

சூடான இரும்பு சொன்ன சேதி

யாங்கர்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஐக்கெமெயர் என்பவர் தொழிற்சாலை வைத்திருந்தார். தொப்பி தயாரிக்கும் இயந்திரங்களும் மின்மோட்டார்களும் அங்கே உருவாயின. அவரும் இளவயதில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான். ஸ்டைன்மெட்ஸை இயந்திர வரைபடம் வரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சம்பளம் வாரத்துக்கு 12 டாலர். புதிய நாட்டில் கார்ல் என்ற பெயர் சார்லஸ் ஆனது.

அக்காலத்தில் மோட்டார் செய்பவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. மோட்டாருக்குள் இருக்கும் இரும்பு, மின்சாரத்தால் காந்தமாகும். மின்சாரம் திசை மாறினால் காந்தத்தின் திசையும் மாற வேண்டும். ஆனால், இரும்பு உடனே மாறாது, கொஞ்சம் அடம்பிடிக்கும். இப்படி மாறி மாறி இழுபடும்போது இரும்பு சூடாகிவிடும். சூடாகச் சூடாக மின்சாரம் வீணாகும். இதைக் காந்தத் தயக்கம் என்கிறார்கள்.

எவ்வளவு வீணாகும் என்பதை மோட்டாரைச் செய்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் கண்டுபிடிக்க முடிந்தது. சரியில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்டைன்மெட்ஸ் பல வகை இரும்புகளைச் சோதித்து அளந்தார். 1892-ம் ஆண்டு இந்த இழப்பை முன்கூட்டியே கணக்கிட ஒரு விதியை வெளியிட்டார். மோட்டாரைச் செய்வதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்ற நிலை வந்தது. பொறியாளர்கள் மத்தியில் அவர் பெயர் பரவியது. அப்போது அவருக்கு வயது 27 கூட நிரம்பவில்லை!

பிறகு ஐக்கெமெயரின் தொழிற்சாலையை ஜெனரல் எலக்ட்ரிக் என்ற பெரிய கம்பெனி வாங்கியது. ஸ்டைன்மெட்ஸும் அந்தக் கம்பெனிக்கு மாறினார். 1894-ம் ஆண்டு முதல் ஸ்கெனெக்டடி என்ற நகரமே அவருக்குச் சொந்த ஊர் ஆனது.

அம்புகளாக மாறிய அலைகள்

டார்ச் லைட்டில் போடும் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். அது நேர்திசை மின்னோட்டம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் அப்படியில்லை. முன்னும் பின்னுமாக ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் ஒரு நொடிக்கு 50 முறை போய் வரும். இது மாறுதிசை மின்னோட்டம். இதைத் தொலைதூரத்துக்கு அனுப்புவது எளிது. 1896-ம் ஆண்டிலேயே நயாகரா அருவியில் எடுத்த மின்சாரம், 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த பஃபலோ நகருக்குப் போய்ச் சேர்ந்தது.

அனுப்புவது எளிது, சரி. கணக்குப் போடுவது? அங்கேதான் சிக்கல்! இரண்டு ஊஞ்சல்கள் ஒன்றாக ஆடினால் கணக்கு சுலபம். ஒன்று மேலே இருக்கும்போது இன்னொன்று நடுவில் இருந்தால்? மாறுதிசை மின்சாரத்தில் அடிக்கடி இப்படித்தான் நடக்கும். கம்பிச் சுருளுக்குள் போகும்போது மின்னோட்டம் சற்றுப் பின்தங்கிவிடும். இதைக் கணக்கிட உயர்கணிதம் தெரிய வேண்டும். பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பெரும்பாலான பொறியாளர்களும் மாணவர்களும் இதைப் பார்த்துப் பயந்தார்கள்.

ஸ்டைன்மெட்ஸ் வேறு வழி சொன்னார். ஆடுகிற ஒவ்வோர் அலையையும் ஓர் அம்பாக வரைந்துகொள்ளுங்கள். அலை எவ்வளவு பெரியது என்பதை அம்பின் நீளம் சொல்லும். முந்தியதா, பிந்தியதா என்பதை அம்பின் திசை சொல்லும். பிறகு அம்புகளை ஒன்றன் முனையில் இன்னொன்றாக வைத்துக் கூட்டினால் போதும்.

மொட்டை மாடிக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? மின்விசிறிக்குள் இருக்கும் கம்பிச் சுருளை எடுத்துக்கொள்வோம். கம்பி மின்சாரத்தைத் தடுப்பது 3 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி சுருளாகச் சுற்றியிருப்பதால் வரும் தடுப்பு 4 பங்கு. இரண்டும் சேர்ந்தால் 7 பங்கு ஆகாது. ஒன்று கிழக்கே காட்டும் அம்பு, மற்றது வடக்கே காட்டும் அம்பு. ஆகவே மொத்தத் தடுப்பு 5 பங்கு! நீங்கள் மாடியில் நடந்த அதே கணக்கு.

அம்பை வரையாமல் எண்களாலேயே எழுதவும் ஒரு வழி வைத்திருந்தார். இடப்பக்கம் திரும்பு என்பதற்கு ஜே என்று ஓர் எழுத்தைப் போட்டார். எழுந்து நின்று செய்து பாருங்கள். ஒரு முறை இடப்பக்கம் திரும்புங்கள். இன்னொரு முறை இடப்பக்கம் திரும்புங்கள். இப்போது முதலில் பார்த்ததற்கு நேர் எதிர்த் திசையைப் பார்க்கிறீர்கள் அல்லவா? கணக்கில் எதிர்த் திசை என்றால் மைனஸ். ஆகவே ஜே-யை ஜே-யால் பெருக்கினால் மைனஸ் 1. இவைதான் கலப்பெண்கள். கணித மேதைகள் முன்பே அறிந்திருந்த இந்த எண்களை, மின்சாரக் கணக்குக்குப் பயன்படுத்தும் வழியை அவர் விரிவாக வகுத்துக் கொடுத்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தவர்கள் மின்சாரக் கணக்கைப் போட்டுவிடலாம் என்ற நிலை உருவானது.

1893-ம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலக மின்துறை மாநாட்டில் இந்த முறையை விளக்கினார்.

யாருக்கும் புரியவில்லை!

எல்லோரும் கைதட்டி வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. கேட்டவர்களில் பலருக்குப் புரியவே இல்லை. 1897-ம் ஆண்டு, நண்பர் எர்ன்ஸ்ட் பெர்க் உதவியோடு மாறுதிசை மின்னோட்டத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அதைப் படித்துப் புரிந்துகொண்டவர்களும் சிலர்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில் சிலருக்குக் கோபம் வரும். எனக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லையே, மக்குகள் என்று ஏளனம் செய்வார்கள். ஸ்டைன்மெட்ஸ் ஏளனம் செய்யவில்லை. தவறு எங்கே என்று யோசித்தார். தனக்குக் கலப்பெண்கள் தாய்மொழி மாதிரி. ஆனால், அவற்றைக் கேள்விப்பட்டே இராதவர்களிடம் நேராக மாடியிலிருந்து பேசினால் எப்படி? படிக்கட்டு இல்லாத மாடிக்கு யார்தான் ஏற முடியும்?

எனவே, படிக்கட்டைத் தானே கட்டத் தொடங்கினார். வேடிக்கை என்ன தெரியுமா? எல்லோரும் கீழிருந்து மேலே கட்டுவார்கள். இவர் மேலிருந்து கீழே கட்டினார்! 1897-ல் வந்தது மேல்படி. அதைப் படிக்கத் தேவையான அடிப்படைகளை விளக்கி 1901-ம் ஆண்டு இன்னொரு புத்தகம் எழுதினார். அது அடுத்த படி. அதற்கும் கீழே, பொறியியல் மாணவர்களுக்கு வேண்டிய கணிதத்தை முதலிலிருந்து சொல்லித் தரும் புத்தகம் 1911-ம் ஆண்டு வந்தது. இது அவர் கல்லூரியில் நடத்திய பாடங்களிலிருந்தே உருவானது.

கல்லூரிக்கு வந்த மேதை

ஆமாம், அவர் கல்லூரிப் பேராசிரியராகவும் இருந்தார். ஸ்கெனெக்டடியில் யூனியன் கல்லூரி என்று ஒரு பழைய கல்லூரி உண்டு. தொடங்கிய ஆண்டு 1795. அங்கே மின்பொறியியல் துறையை வளர்க்க ஒரு நல்ல ஆசிரியர் தேவைப்பட்டார். 1902-ம் ஆண்டு ஸ்டைன்மெட்ஸ் அந்தத் துறையின் தலைவரானார். கம்பெனி வேலையையும் அவர் விடவில்லை. ஒரு பக்கம் உலகின் பெரிய மின் இயந்திரங்கள். இன்னொரு பக்கம் அவற்றைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள். இரண்டுக்கும் நடுவே ஸ்டைன்மெட்ஸ் பாலமாக இருந்தார்.

பொறியியல் படிப்பைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. அந்தக் காலத்திலும் மாணவர்கள் மூட்டை மூட்டையாகப் பாடங்களை மனப்பாடம் செய்தார்கள். தேர்வு முடிந்ததும் மறந்தார்கள். அவருக்கு இது பிடிக்கவில்லை. சூத்திரங்களை மூளையில் திணித்துப் பயனில்லை. குறைவாகப் படித்தாலும் ஏன், எப்படி என்று புரிந்து படிக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கூடிய சபைகளில் வாதாடினார். அடிப்படை புரிந்தவர் மறந்துபோன சூத்திரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார். சூத்திரத்தை மட்டும் உருப்போட்டவர் புதுக் கணக்கு வந்தால் விழிப்பார்.

இன்னொன்றும் சொன்னார். பொறியியல் மாணவர் இயந்திரத்தை மட்டும் படித்தால் போதாது. இலக்கியமும் வரலாறும் பழைய மொழிகளும் படிக்க வேண்டும் என்றார். மனிதர்களைப் புரிந்துகொண்டால்தானே மனிதர்களுக்குப் பயன்படும் இயந்திரத்தைச் செய்ய முடியும்?

பிரெஸ்லாவில் கைக்கு எட்டாமல் போனதே ஒரு டாக்டர் பட்டம், ஞாபகம் இருக்கிறதா? 1903-ம் ஆண்டு யூனியன் கல்லூரி அவருக்கு டாக்டர் பட்டம் அளித்து மரியாதை செய்தது. 15 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தாலும், அவர் மாணவர்களோடு இருந்த இடத்திலேயே வந்தது!

1913-ம் ஆண்டு துறைத் தலைவர் பொறுப்பை, புத்தகம் எழுத உதவிய அதே எர்ன்ஸ்ட் பெர்க் ஏற்றார். ஆனாலும் ஸ்டைன்மெட்ஸ் கல்லூரியை விடவில்லை. கடைசி வரை அங்கே பேராசிரியராகவே இருந்தார்.

முதலை வளர்த்த தாத்தா

தன் உடல் குறை பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சி, ஸ்டைன்மெட்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால், குழந்தைகள் என்றால் உயிர். அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் ஜோசப் ஹேடனை மகனாகத் தத்தெடுத்தார். ஹேடன் குடும்பம் அவருடன் அதே வீட்டில் வாழ்ந்தது. ஹேடனின் மூன்று குழந்தைகளுக்கும் அவர் தாத்தா ஆனார். கதை சொல்வார், சின்னச் சின்ன அறிவியல் வேடிக்கைகள் செய்து காட்டுவார்.

அந்த வீடே ஒரு வேடிக்கைதான். கண்ணாடிக் கூடத்தில் விதவிதமான கள்ளிச் செடிகள். கூடவே காகங்கள், முதலைகள்! கோடைக்காலத்தில் ஆற்றில் சிறு படகை மிதக்க விடுவார். படகின் குறுக்கே ஒரு பலகை போட்டு, அதுதான் மேஜை. மணிக்கணக்கில் அதன்மீது கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஊர்ப் பள்ளிக் குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. நகரின் கல்விக் குழுவுக்குத் தலைவராக இருந்தபோது, பாடப்புத்தகங்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கப் பாடுபட்டார். வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் வந்தன. மொழி தெரியாமல் ஒரு கதவின் முன் நின்ற தவிப்பு அவருக்குத் தெரியாதா என்ன? அன்று தனக்காக ஒருவர் கதவைத் திறந்தார். இன்று பலருக்காக இவர் திறந்தார்.

கையில் பிடித்த மின்னல்

1920-ம் ஆண்டு அவருடைய கோடைக்கால வீட்டில் மின்னல் தாக்கியது. ஒரு கண்ணாடி சுக்குநூறானது. வேறு யாராக இருந்தாலும் பெருக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, பொறுமையாக ஒன்றோடொன்று பொருத்தினார். மின்னல் எந்த வழியாகப் பாய்ந்தது என்ற தடம் அதில் தெரிந்தது!

பிறகு ஆய்வுக்கூடத்திலேயே செயற்கை மின்னலை உருவாக்கினார். 1922-ம் ஆண்டு அதைப் பலர் முன்னால் செய்து காட்டினார். 1,20,000 வோல்ட் அழுத்தத்தில் பாய்ந்த மின்னல், மரக்கட்டையைச் சிதறடித்தது. வெறும் வேடிக்கைக்காக அல்ல. மின்கம்பிகளில் இடி விழுந்தால் ஊரே இருளில் மூழ்கிவிடும். அதைத் தடுக்கும் கருவிகளைச் சோதிக்கவே இந்த ஏற்பாடு.

அதே ஆண்டு தாமஸ் ஆல்வா எடிசன் அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தார். எடிசனுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனால், இளவயதில் தந்தி வேலை பார்த்தவர் அல்லவா? ஸ்டைன்மெட்ஸ் அவருடைய முழங்காலில் விரலால் தட்டி, தந்தி மொழியில் பேசுவார் என்று சொல்வார்கள். எதிரில் இருப்பவருக்கு எந்த வழியில் புரியுமோ, அந்த வழியில் சொல்வதுதானே நல்ல ஆசிரியரின் குணம்!

1923-ம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு நீண்ட பயணம் போய்த் திரும்பினார். களைப்போடு வீடு வந்தவர், அக்டோபர் 26-ம் தேதி அமைதியாகக் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 58. அவர் பெயரில் சுமார் 200 காப்புரிமைகள் இருந்தன.

இன்றும் ஏறும் படிகள்

யூனியன் கல்லூரியில் ஸ்டைன்மெட்ஸ் பெயரில் ஒரு கட்டடம் உண்டு. அவர் பெயரால் ஒரு கருத்தரங்கும் அங்கே நடத்தப்படுகிறது. அதில் பேசுபவர்கள் பெரிய விஞ்ஞானிகள் அல்ல, கல்லூரி மாணவர்கள். தாங்கள் செய்த ஆராய்ச்சிகளை அவர்களே எழுந்து நின்று விளக்குகிறார்கள். மாணவர்களை நேசித்த ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் வேண்டுமா?

உங்கள் அண்ணனோ அக்காவோ, பக்கத்து வீட்டு மாமாவோ மின்பொறியியல் படித்திருந்தால், ஜே என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய நோட்டில் அந்த எழுத்தும் அந்த அம்புகளும் கட்டாயம் இருக்கும். மேலே சுழலும் மின்விசிறிக்குப் பின்னாலும் அந்தக் கணக்கு இருக்கிறது.

இனி, வகுப்பில் ஏதாவது புரியவில்லை என்றால், எனக்கு மூளையே இல்லை என்று தலையில் கை வைத்து உட்காராதீர்கள். நடுவில் ஒரு படி விட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பின்னம் புரியவில்லை என்றால் வகுத்தல் என்ற படியைப் பாருங்கள். வகுத்தல் வரவில்லை என்றால் வாய்ப்பாடு என்ற படிக்கு இறங்குங்கள். கீழே இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய மேதையே தன் மாணவர்களுக்காக மூன்று படி கீழே இறங்கி வந்தாரே! ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உங்களுக்கு நன்றாகப் புரிந்த பாடம் பக்கத்து பெஞ்சு நண்பனுக்குப் புரியவில்லையா? கேலி செய்யாதீர்கள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவனோடு மொட்டை மாடிக்குப் போங்கள். கிழக்கே 3 அடி, வடக்கே 4 அடி. அங்கிருந்து தொடங்குங்கள்.